தலைப்புக்கு இடம்

கோப்பைக்குப் பின்னால், கேமராவின் கண்ணில் படாத இடத்தில், வெந்நீரில் முக்கியெடுத்த பஞ்சை வைத்தாள். ஆவி எழுந்து கோப்பையின் விளிம்பைத் தாண்டி வந்தது. கோப்பைக்குள் இருந்தது நேற்றைய காபி. ஆறிப்போய், மேலே ஆடை கட்டியிருந்தது. படத்தில் அதை யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை.

"பஞ்சுக்கு மூணு நிமிஷம்தான் ஆயுசு. சீக்கிரம் கைய வைங்க."

எதிரே உட்கார்ந்திருந்த அவள் கணவர் கையை வைத்தார். கோப்பையின் காதுக்குள் ஒரு விரல், மேலே கட்டைவிரல், மற்றவை பக்கத்தில் ஒழுங்காக.

"கொஞ்சம் வலது பக்கம் தள்ளுங்க. இன்னும். ம், போதும். இடது பக்கம் காலியா இருக்கட்டும், தலைப்பு எழுத."

படுக்கையறை ஜன்னலோரம் போட்டிருக்கும் இஸ்திரி மேசைதான் அவளுடைய ஸ்டுடியோ. அதன்மேல் பலகை மாறும்: வெள்ளையடித்த ஒட்டுப்பலகை, உடைந்த அலமாரியின் கதவு, பளிங்கு மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிய அட்டை. இந்த மூன்றை வைத்து மூன்று வீடுகள் காட்டுவாள். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இரண்டு தெர்மாகோல் பலகைகள் நிற்கும், நிழல் விழும் பக்கத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிட. குளிர்சாதனப் பெட்டி விற்கும் கடையின் பின்புறம் எறிந்து கிடப்பதைப் பொறுக்கி, இரண்டு கைகளிலும் சிறகு மாதிரி பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுவாள். அதனால் அந்தக் கட்டடத்தில் அவளுக்குத் தெர்மாகோல் அக்கா என்று பெயர். கீழ் வீட்டுத் தையல்காரி வைத்த பெயர் அது. "அக்கா, காத்தடிச்சா பறந்துடப்போறீங்க" என்பாள். "பறந்தா நல்லதுதான், ஒரு படம் மேலிருந்து எடுத்துக்கலாம்" என்பாள் இவள்.

பதினோரு வருடங்களாக ஒரு பிளாக் எழுதுகிறாள். சட்டையில் மைக்கறை பட்டால் என்ன செய்வது, அலமாரியில் பூஞ்சை பிடித்தால் எதைப் போட்டுத் துடைப்பது, அறுந்த பொத்தானை எப்படி மறுபடி அறாமல் தைப்பது. தொடக்கத்தில் எல்லாரையும் போல இணையத்தில் கிடைத்த படங்களை எடுத்துத்தான் ஒட்டினாள். சமையலறை அடுப்பைத் தேய்ப்பது பற்றி எழுதிவிட்டுப் படம் தேடினால், வந்த சமையலறை ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி இருந்தது. "இதுல தேய்க்கறதுக்கு என்ன இருக்கு? அந்த அடுப்புல வெந்நீர்கூட வச்சிருக்க மாட்டாங்க." ஒருமுறை தலைவலிக்குக் கைவைத்தியம் எழுதி, நெற்றியில் கைவைத்தபடி லேசாகச் சிரிக்கும் ஒரு பெண்ணின் படத்தைப் போட்டாள். மறுவாரம் வேறொரு பக்கத்தில் அதே பெண் மூலவியாதிக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் மகள் விட்டுப்போயிருந்த பழைய கேமராவை எடுத்துத் துடைத்தாள்.

கை வேண்டும் என்று வந்தபோது கணவரின் கை இருந்தது. அவர் மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் முப்பது வருடம் இரத்தம் எடுத்தவர். ஒட்ட வெட்டிய நகம், நடுக்கமில்லாத விரல். குழந்தைகள்கூட அவரிடம்தான் கையை நீட்டுமாம். ஊசி இறங்கும்போது, "ஆச்சு, ஆச்சு, அவ்வளவுதான்" என்பார். அவர் சொல்லி முடிப்பதற்குள் முடிந்திருக்கும். பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் காலையில் என்ன செய்வதென்று தெரியாமல் செய்தித்தாளை இரண்டு தடவை படித்துக்கொண்டிருந்தவரை அவள் இஸ்திரி மேசைக்கு முன்னால் உட்காரவைத்தாள். பொத்தான் தைக்கும் கை, பல்பு மாற்றும் கை, கண்ணாடி துடைக்கும் கை எல்லாம் அவருடையதாயிற்று.

முகம் மட்டும் கிடையாது. "அப்பா மூஞ்சியைப் போட்டுடாதம்மா, என் ஆபீஸ்ல எல்லாரும் படிக்கிறாங்க" என்று மகள் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள். அது நல்லதாகவே போயிற்று. முகம் இருந்தால் அது யாரோ ஒருவர் வீடு. முகம் இல்லாவிட்டால் படிப்பவர்களின் வீடு. அதை அவள் ஒரு சட்டமாகவே ஆக்கிவிட்டாள். "கழுத்துக்கு மேல நமக்கு, கழுத்துக்குக் கீழ பிளாக்குக்கு." கேமராவைத் தூக்கினால் அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும், தவறிப்போய்த் திரும்பினால், "முகம் வேணாம்" என்ற குரல் வரும். இரண்டு மாதத்தில் பழகிக்கொண்டார்.

ஒரு மாதத்துக்குத் தேவையான படங்களை ஒரே நாளில் எடுத்துவிடுவாள். ஜன்னலில் ஒன்பது மணிக்கு வரும் வெளிச்சம் பதினொன்றரைக்குப் போய்விடும். அதற்குள் நான்கு நாட்கள் நடந்த மாதிரி காட்டவேண்டும். அதற்காக நான்கு சட்டைகள்: கட்டம் போட்டது, பழுப்பு, சாம்பல், வெள்ளை. நான்குக்கும் முன்பக்கம் மட்டும் இஸ்திரி. கால்சட்டை மாற்றுவதில்லை, மேசைக்குக் கீழே யார் பார்க்கப்போகிறார்கள்? இடுப்புக்கு மேலே அலுவலகம் போகிற ஆள், கீழே தூங்கி எழுந்த பைஜாமா. இரண்டு வருடமாக அவர் இளைத்துக்கொண்டே வந்தார், சட்டைகள் தொளதொளத்தன. முதுகுப்பக்கம் துணியைக் கூட்டிப் பிடித்து, மூன்று துணிக் கிளிப்புகளை வரிசையாக மாட்டிவிடுவாள். தையல்காரியின் கொடியிலிருந்து கடன் வாங்கிய சிவப்புக் கிளிப்புகள். முன்னால் பார்த்தால் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும்.

நோய் முதலில் வந்தது படத்தில்தான். அது அவளுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய படம் ஒன்றில், செடிக்குத் தண்ணீர் ஊற்றும் கையில் கடிகாரம் தலைகீழாகக் கட்டியிருந்தது. அப்போதே ஒரு வாசகர், "சார் வாட்ச் தலைகீழா இருக்கே?" என்று கேட்டிருந்தார். இவள் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் பதிலாகப் போட்டிருந்தாள். அடுத்தடுத்த மாதங்களில் கரண்டி கேட்டால் கத்தியை எடுத்திருக்கிறார், பேனாவை மூடியைக் கழற்றாமல் காகிதத்தில் வைத்திருக்கிறார். விளையாடுகிறார் என்று நினைத்து, "சும்மா இருங்க, வெளிச்சம் போகுது" என்று அதட்டியிருக்கிறாள். படங்களைப் பெரிதாக்கி நகக்கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தவள், கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மருத்துவர் நோய்க்குப் பெயர் சொன்ன பிறகு அதைப் பற்றியும் எழுதினாள். நினைவு தடுமாறுகிற ஒருவரோடு வீட்டில் இருப்பது எப்படி: குளியலறையில் எதை மாட்டுவது, மாத்திரைகளை எப்படிப் பிரிப்பது, ஒரே கேள்வி இருபதாவது தடவை வரும்போது என்ன சொல்வது. 'ஒருவர்' என்றுதான் எழுதினாள். கறை எடுக்க வந்தவர்களைவிட இதற்கு வந்தவர்கள் அதிகம். படங்களில் அதே கை.

"அப்பாவை வச்சுப் படம் எடுக்கறதை நிறுத்தும்மா. பார்க்கவே ஒருமாதிரி இருக்கு" என்றாள் மகள் தொலைபேசியில்.

"உனக்கென்னடி தெரியும். நாள் பூரா இந்த ஆள் எங்கெங்கயோ போயிட்டு வர்றார், உக்காந்த இடத்திலயே. பிள்ளைகளைக் கூப்பிடறார், இல்லாத அதிகாரிகிட்ட லீவு கேக்கறார். கைய வைங்கன்னு சொன்னா மட்டும்தான் இங்க இருக்கார். அந்தப் பத்து நிமிஷத்தையும் பிடுங்கிக்கச் சொல்றியா?"



அந்த மாதத்துப் பதிவு, அப்படிப்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியே போய்விடாமல் பார்த்துக்கொள்வது பற்றி. அவள் வீட்டில் எட்டு மாதமாகப் பலித்துக்கொண்டிருந்த உபாயம்: வாசல் கதவுக்குச் சுவரின் நிறத்திலேயே ஒரு திரை, திரைக்கு மேலே ஒரு சின்ன மணி. கதவு கண்ணில் படாவிட்டால் போகத் தோன்றாது. அவருக்குத் தோன்றவில்லை. எட்டு மாதமாக அந்தப் பக்கத்தைச் சுவர் என்றே நினைத்திருந்தார்.

பதிவின் உச்சியில் போட ஒரு படம் தேவைப்பட்டது. ஒரு கை தாழ்ப்பாளைத் திறக்கிற படம். திரை இருந்தால் படம் இல்லை. நாற்காலி போட்டு ஏறித் திரையைக் கழற்றினாள். மணி படத்துக்குள் துருத்திக்கொண்டு வந்தது, அதையும் கழற்றினாள். சாம்பல் சட்டையை மாட்டி, முதுகில் கிளிப் போட்டு, அவரைக் கூட்டிவந்து நிறுத்தினாள்.

"இது என்ன?" என்றார்.

"கதவுங்க."

"கதவா!" என்றார். வெகுநாள் காணாத ஆளைத் தெருவில் பார்த்தவர் மாதிரி.

"தாழ்ப்பாள்ல கைய வைங்க. இழுங்க. முழுசா வேணாம், பாதி. அப்படியே நில்லுங்க. இப்ப மூடுங்க. மறுபடி இழுங்க. இல்ல, கட்டைவிரல் தெரியலை. மறுபடி."

பத்தொன்பது தடவை இழுத்தார். கடைசி நாலைந்து தடவை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை; கை தானாகப் போயிற்று. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு ஒன்றை உடனே பிடித்துக்கொண்டாரே என்று. "அருமைங்க. அடுத்தது வெள்ளைச் சட்டை. நாற்காலி மேல இருக்கு பாருங்க, போட்டுக்கிட்டு இருங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, படம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று கணினியில் பார்க்க உள்ளறைக்குப் போனாள். பதினான்காவது படம் நன்றாக வந்திருந்தது. தாழ்ப்பாளின் பித்தளையில் ஒரு கோடு வெளிச்சம், விரலின் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி. இடது பக்கம் காலியாக இருந்த கதவில் தலைப்பை எழுதிப் பார்த்தாள். எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கினாள். நிறத்தை மாற்றினாள்.

வெளியே வந்தபோது கதவு திறந்திருந்தது.

காவல் நிலையத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் வயதானவர், பொறுமைசாலி. வயது, உயரம், நிறம் எல்லாம் எழுதிக்கொண்டு, "படம் இருக்கா?" என்றார்.

"இருக்கு, சார். நிறைய இருக்கு" என்று, கணினியில் ஏற்றும் படமெல்லாம் தானாக வந்து சேரும் தொலைபேசியைத் திறந்தாள்.

அவர் எட்டிப் பார்த்தார். "இது கை."

"ஆமா சார்."

"முகம்?"

அவள் தள்ளினாள். கோப்பையும் கையும். ஊசியும் நூலும் கையும். ஏணியில் ஏறிய முதுகு. வாஷ்பேசினில் குனிந்த தோள். கண்ணாடியைத் துடைக்கும் இரண்டு கைகள். அந்தக் கண்ணாடியிலாவது முகம் விழுந்திருக்குமா என்று பெரிதாக்கினாள். அதையும் அன்றைக்கே வெட்டியிருந்தாள். நாலாயிரத்துச் சொச்சம் படங்கள். விரலை வேகமாகத் தள்ளத் தள்ள, கைகள் ஓடிக்கொண்டே இருந்தன.

"ஏம்மா, ஆளைத் தொலைச்சிட்டு வந்து ஒவ்வொரு பாகமா காட்டறீங்களே" என்றார் எழுத்தர். கிண்டலாகச் சொல்லவில்லை. அடுத்த மேசையில் இருந்தவர்தான் சிரித்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

மகளைக் கூப்பிட்டாள். அவள் அழுதுகொண்டே தன் கல்யாணத்தில் எடுத்த படத்தை அனுப்பினாள். ஏழு வருடத்துக்கு முந்தையது. அதில் கன்னம் உப்பிய, கறுத்த முடியுள்ள ஒரு மனிதர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இவரா?"

"அப்போ."

"இப்போ எப்படி இருப்பார்?"

கூட இருக்கும் முகத்தை யாருக்கும் சொல்லிக் காட்டவேண்டி வந்ததில்லை. "இளைச்சிருப்பார்" என்றாள்.

"சரி, என்ன சட்டை?"

காலையிலிருந்து மூன்று சட்டை மாற்றிவிட்டிருந்தாள். கடைசிப் படத்தைத் தேடி எடுத்தாள். தாழ்ப்பாளின்மேல் இருந்த கையின் மணிக்கட்டில் சாம்பல் நிறம் தெரிந்தது. "சாம்பல், சார். கீழே பைஜாமா" என்றாள். எழுத்தர் அதை எழுதிக்கொண்டார். அந்தப் படத்தையே ஒரு காவலருக்கு அனுப்பினார், வேறு இல்லாததால். வீட்டை விட்டுப் போவதற்குச் சில நிமிஷங்களுக்கு முன் எடுத்த, கதவைத் திறக்கிற கையின் படம். "இவ்வளவு தெளிவா எடுத்திருக்கீங்க" என்று மட்டும் சொன்னார்.

காவலர் பேருந்து நிறுத்தத்தை இரண்டு தடவை கடந்து போயிருக்கிறார். சாம்பல் சட்டை யாரும் இல்லை. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஒன்றரை மணிக்குத் தையல்காரிதான் கண்டுபிடித்தாள். பின்பக்கமாக வந்தவளுக்கு முதலில் தெரிந்தது முதுகு. மெல்லிய வெள்ளைத் துணிக்குள் மூன்று மேடுகள், சிவப்பாக. அவளுடைய கிளிப்புகள். மனைவி சொன்னபடி அவர் கேட்டிருந்தார்: வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார், சாம்பல் சட்டையைக் கழற்றாமல் அதன் மேலேயே. பொத்தான்களைக்கூடச் சரியாக மாட்டியிருந்தார். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பேருந்துக்கு நின்றவர்கள் சற்றுத் தள்ளி நின்று முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் நேராக முகத்தில் அடித்தது. உதடு வெடித்திருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை.

"அண்ணே, வாங்க வீட்டுக்குப் போகலாம்" என்று தையல்காரி கையைப் பிடித்தபோது, அவர் அவள் முழங்கையை உள்பக்கம் திருப்பி, கட்டைவிரலால் நரம்பைத் தடவிப் பார்த்தாராம். "ஆச்சு, ஆச்சு, அவ்வளவுதான்" என்றாராம். இதைச் சொல்லும்போது சிரிக்கத்தான் ஆரம்பித்தாள் தையல்காரி. பாதியில் நிறுத்திவிட்டு, கிளிப்புகளைத் திருப்பி வாங்காமல் கீழே இறங்கிப் போனாள்.

கண்டுபிடித்தாயிற்று என்று சொல்லப் போனபோது எழுத்தர், "நாளைக்கே ஒரு முகப் படம் எடுத்துக் குடுத்துட்டுப் போங்கம்மா. ஃபைல்ல இருக்கட்டும். ஒரு தடவை போனவங்க திரும்பப் போவாங்க" என்றார். இந்த வரியை அவளே அந்தப் பதிவில் எழுதியிருந்தாள், வேறு வார்த்தைகளில்.

பதிவு வெளியாகவில்லை. பதினான்காவது படமும் அதன்மேல் எழுதிய தலைப்பும் கணினியில் அப்படியே இருந்தன. கதவில் திரை ஏறிவிட்டது, மணி ஏறிவிட்டது, கை எட்டாத உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாளும் ஏறிவிட்டது. ஆனால் அன்று சாயங்காலம் அவர் அந்தப் பக்கமாக நடந்துபோய், திரைக்கு முன்னால் நின்று, சரியாகத் தாழ்ப்பாள் இருக்கும் உயரத்தில் துணியின்மேல் கையை வைத்ததை அவள் பார்த்தாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு வெளிச்சம் வந்தது. இஸ்திரி மேசையில் பலகை எதுவும் போடவில்லை. தெர்மாகோலை எடுத்து நிறுத்தவில்லை. பஞ்சு நனைக்கவில்லை. சட்டைக்குப் பின்னால் கிளிப் இல்லை; தோளிலிருந்து அது தொங்கியபடி தொங்கியது. குடிப்பதற்கென்றே சூடாகக் காபி போட்டுக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"என்னங்க, இன்னைக்கு முகம் மட்டும்தான். இங்க பாருங்க."

அவர் பார்த்தார். கேமரா அவள் நெஞ்சருகே இருந்தவரை அவளையே பார்த்தார். வெடித்த உதடு, வெயிலில் கன்றிய மூக்கு, இரண்டு நாள் தாடி. கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தினாள். முகம் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது.

இறக்கினாள். முகம் திரும்பி வந்தது.

தொலைபேசியால் எடுத்துப் பார்த்தாள். அதற்கும் திரும்பிக்கொண்டார். எழுந்துபோய் ஜன்னலருகே நின்றுகொண்டாள். அவர் சுவரைப் பார்த்தார். "என்னைப் பாருங்க, என்னைப் பாருங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். இரண்டாவது தடவை குரல் உயர்ந்துவிட்டது.

"ஆச்சா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"இல்லங்க. முகம் வேணும்."

"முகம் வேணாம்" என்றார், அவள் தவறாகச் சொல்லிவிட்டதைப் போல, அன்பாக. "கழுத்துக்கு மேல நமக்கு."

பிறகு கோப்பையின் காதுக்குள் விரலை நுழைத்தார். கட்டைவிரலை மேலே வைத்தார். கோப்பையை மெல்ல வலது பக்கமாக நகர்த்தி, இடது பக்கத்தைக் காலியாக விட்டு, ஆவி அடங்குவதற்குள் அவள் எடுத்துக்கொள்ளட்டும் என்று அசையாமல் இருந்தார்.